கோப்திக் வண்ணப் பானை செய்வது எப்படி: மண் எடுப்பதிலிருந்து சூளை திறப்பது வரை

எகிப்தின் கோப்திக் பானை ஓவியத்தில் முதலில் கண்ணில் படுவது அதன் வேகம்தான். தடித்த கறுப்புக் கோட்டில் ஒரு மீன். உடம்பு ஒரே இழுப்பு, கண் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. பக்கத்தில் கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் ஒரு பறவை. இடையில் கொடி, சுருள், வரிசையாகப் புள்ளிகள். அழித்துத் திருத்திய தடம் எங்கும் இருக்காது. கோடு கோணிப்போனால் கோணியபடியே விட்டுவிட்டு அடுத்த உருவத்துக்குப் போயிருப்பார்கள்.

"இதைப் போட எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது" என்று உட்காருகிறவர்கள்தான் இதில் அதிகம் திணறுகிறார்கள். அந்த வேகம் கையில் மட்டும் இல்லை. என்ன மண், எவ்வளவு காய்ந்திருக்கிறது, மேலே என்ன பூச்சு, சக்கரத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது எல்லாம் சரியாக அமைந்தால்தான் தூரிகை ஓடும். அதனால் ஓவியத்தை மட்டும் தனியாகச் சொல்லாமல் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் எகிப்தில் அன்று என்ன செய்தார்கள், இன்று மண்பாண்டப் பட்டறையில் உட்கார்ந்து நாம் என்ன செய்யலாம் என்று இரண்டையும் சேர்த்தே பார்ப்போம். சக்கரத்தில் ஒரு குவளையாவது வனைந்த பழக்கம் உங்களுக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்தக் காலம், யாருடைய பானை

கோப்தியர் என்றால் எகிப்தின் கிறிஸ்தவர்கள். கோப்திக் பானை என்று பொதுவாகச் சொல்வது 4ஆம் நூற்றாண்டிலிருந்து, 641இல் அரபுப் படை எகிப்தைப் பிடித்து, அதற்குப் பிறகும் சில நூற்றாண்டுகள் வரை அங்கே வனையப்பட்டவற்றை. வனைந்தவர் எல்லாரும் கிறிஸ்தவர் என்றோ, எல்லாப் பானையும் மடத்தில் இருந்தது என்றோ அர்த்தமில்லை. ஆனால் நமக்குக் கிடைத்ததில் பெரும்பங்கு மடங்களிலிருந்துதான் வந்திருக்கிறது. பாலைவன ஓரத்தில் இருந்ததால் அவை மணலில் மூடிப் பிழைத்தன. சக்காராவில் அப்பா எரேமியா மடத்தை ஜேம்ஸ் குவிபெல் 1906 முதல் 1910 வரை தோண்டினார். லக்சருக்கு எதிர்க்கரையில் எபிபானியஸ் மடத்தை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகக் குழு தோண்டியது. அதே கரையில் மெதினெத் ஹாபு கோயிலுக்குள்ளும் சுற்றிலும் ஜேமே என்ற ஊரே இருந்தது. நைல் கழிமுகத்தின் மேற்கு ஓரத்தில் கெல்லியா. ஆயிரத்துக்கும் மேற்பட்ட துறவிக் குடியிருப்புகள் இருந்த இடம். அங்கே கிடைத்த மண்பாண்டங்களை வகை பிரித்து மிஷெல் எக்லோஃப் 1977இல் வெளியிட்டார். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால் கெய்ரோவின் கோப்திக் அருங்காட்சியகம். மார்கஸ் சிமைக்கா 1908இல் தொடங்கியது. இல்லாவிட்டால் மெட்ரோபாலிடன், லூவ்ர் இரண்டின் இணையத் தொகுப்புகளிலும் படங்கள் இருக்கின்றன. செய்யத் தொடங்குவதற்கு முன் ஒரு மாலையாவது அவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். உருவங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மை தீர்ந்து வறள்கிறது, எங்கே தூரிகையைத் திரும்ப நனைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

எந்தப் பானையை எடுத்துக்கொள்வது

அந்தக் காலத்துச் சூளைகள் சுட்டதில் பெரும்பகுதி ஓவியம் இல்லாதவை. ஒயின் ஊற்றும் நீளச் சாடிகள், சமையல் பானைகள், ஏற்றச் சக்கரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடும் சிறு குடங்கள், விளக்குகள். அலெக்சாந்திரியாவுக்குத் தென்மேற்கே அபு மேனாவில், இரண்டு ஒட்டகங்களுக்கு நடுவே நிற்கும் புனித மேனாஸின் உருவத்தோடு யாத்திரிகர்களுக்காக அச்சில் எடுத்த சிறு குப்பிகளும் உண்டு. அஸ்வானில் துனிசியப் பாத்திரங்களைப் பார்த்து மெல்லிய சிவப்புப் பூச்சுக் கிண்ணங்கள் செய்தார்கள். இவற்றை எல்லாம் இங்கே தள்ளிவைத்துவிடுவோம்.

நமக்கு வேண்டியது அகன்ற தோளும் குட்டைக் கழுத்தும் உள்ள சேமிப்புச் சாடி. ஓவியம் உட்காருவது தோளில்தான். தரையில் வைத்த பானையை நின்றுகொண்டு பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவதும் அந்தப் பகுதிதான். அடிப்பாகத்தைப் பல சமயம் வெறும் மண்ணாகவே விட்டிருப்பார்கள். 25 சென்டிமீட்டர் உயரம் போதும். அதைவிடச் சிறியதாகச் செய்தால் தோளில் கை ஓட இடம் இருக்காது, கோடு பொடிப்பொடியாகிவிடும்.

மண்

எகிப்தியக் குயவருக்குக் கிடைத்த மண் அடிப்படையில் இரண்டு. ஒன்று நைல் வண்டல். இரும்பு நிறைந்தது, சுட்டால் செம்பழுப்பு. ஆற்றோரம் முழுக்கக் கிடைக்கும். இன்னொன்று மேல் எகிப்தில், அதாவது நாட்டின் தெற்கில், குறிப்பாகக் கெனா பக்கம், பாலைவன விளிம்பில் வெட்டும் சுண்ணாம்புக் களிமண். இது சுட்டால் வெளிறிய மஞ்சளாகவோ பச்சை கலந்த வெள்ளையாகவோ வரும். அதில் இருக்கும் சுண்ணாம்பு இரும்பின் சிவப்பை எழும்ப விடாது. அஸ்வானில் மூன்றாவதாக ஒரு நயமான மண் உண்டு, இளஞ்சிவப்பாகச் சுடும்.

ஆனால் யாரும் ஒரே மண்ணை வெட்டி அப்படியே சக்கரத்தில் போட்டதில்லை. ஆக்சிரிங்கஸ் நகரக் குப்பைமேட்டிலிருந்து 3ஆம் நூற்றாண்டுக் குத்தகைச் சீட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. கோப்திக் காலத்துக்குச் சற்று முந்தியது. ஒரு குயவர் பட்டறையைக் குத்தகைக்கு எடுத்து 15,000 ஒயின் சாடிகள் செய்து தருவதாக ஒப்புக்கொள்கிறார். நில உரிமையாளர் தர வேண்டியவற்றில் உதிரி மண், மணல் மண், கரிய மண் என்று மூன்று மண் எழுதியிருக்கிறது. சூளைக்கு எரிபொருளும் அவர் பொறுப்பு. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் சாடி இறக்குகிற பட்டறைப் பழக்கத்திலிருந்துதான் அந்தத் தூரிகை வேகமும் வந்திருக்கிறது.

உங்களுக்கு வேண்டியது சிவப்பாகச் சுடும் களிமண் 5 கிலோ. உள்ளூர்க் குயவர் பயன்படுத்தும் மண்ணே நல்லது. அதைத் தண்ணீரில் கரைத்து, கல்லும் வேரும் போக வடித்து, தெளிந்த நீரை இறுத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டுக் கெட்டியாக்குங்கள். வெள்ளைச் சுண்ணாம்புக் கற்கள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. 800 பாகை செல்சியஸுக்கு மேல் சுடும்போது அவை சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சூளையை விட்டு இறக்கிய சில நாளில் காற்றின் ஈரத்தை இழுத்துப் பருத்து, பானையின் மேல்தோலைச் சில்லுச்சில்லாகப் பெயர்த்தெடுக்கும். ஓவியம் வரைந்த பானையில் இது நடந்தால் வயிறு எரியும்.

மண்ணோடு எடைக்குப் பத்தில் ஒரு பங்கு சலித்த மணல். அப்புறம் பொடியாக நறுக்கிய வைக்கோல் இரண்டு கைப்பிடி. நைல் வண்டல் பானையின் உடைந்த விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இந்த வைக்கோல் தெரியும். வைக்கோல் எரிந்துபோய், அது இருந்த இடம் மெல்லிய கீறல் துளைகளாக நிற்கும். அதே விளிம்பில் இரண்டு ஓரமும் சிவப்பாகவும் நடு மட்டும் சாம்பல் அல்லது கறுப்பாகவும் இருப்பதைப் பார்க்கலாம். உள்ளே இருந்த கரி முழுதாக எரிவதற்குள் சூட்டை நிறுத்திவிட்டார்கள் என்று பொருள். விறகு மிச்சம் செய்திருக்கிறார்கள்.

கலந்த மண்ணை ஈரத்துணி போர்த்தி ஒரு வாரமாவது புளிக்க விடுங்கள். பிறகு மிதித்து, பிசைந்து, கம்பியால் அறுத்துப் பாருங்கள். அறுத்த முகத்தில் காற்றுக் குமிழி இருந்தால் திரும்பப் பிசைய வேண்டும்.

வனைதல்

காலால் உதைத்துச் சுற்றும் சக்கரம் எகிப்துக்குப் பாரசீக ஆட்சிக் காலத்தில் வந்துவிட்டது. கார்கா பாலைவனச்சோலையில் உள்ள ஹிபிஸ் கோயில் சுவரில், மனிதரை வனையும் குனும் கடவுளே காலால் சக்கரத்தை உதைத்துக்கொண்டிருப்பார். கோப்திக் குயவர் கையில் வந்தபோது இந்தச் சக்கரத்துக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம் இருந்தது. இரண்டு கையும் மண்ணுக்கு, கால் சக்கரத்துக்கு என்று பிரிந்ததால் வேலை வேகம் கூடியது. உங்களிடம் மோட்டார்ச் சக்கரம் இருந்தால் அதுவே போதும்.

3 கிலோ மண்ணை எடுத்து நடுப்படுத்துங்கள். அடி குறுகலாக, சுவர் மெல்ல அகன்று ஏற வேண்டும். உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் தோளைத் திருப்புங்கள். திருப்பம் சட்டென்று உடைந்து உள்ளே படுத்துவிடக் கூடாது; உருண்டு சரிய வேண்டும். படுத்த தோளில் படம் வரைந்தால் நின்று பார்க்கிறவருக்குத் தெரியும், உட்கார்ந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. தவிர, ஈரத்தில் தோள் அமுங்கும் ஆபத்தும் அதிகம். கழுத்து நான்கு விரல் அகலத்துக்குக் குறையாமல், வாய் விளிம்பை வெளியே மடித்துத் தடிப்பாக்குங்கள். சுவர் 6 அல்லது 7 மில்லிமீட்டர்.

பெரிய சாடிகளை ஒரே இழுப்பில் வனைய முடியாது. கீழ்ப் பாதியை வனைந்து கொஞ்சம் இறுகவிட்டு, மேல் பாதியைத் தனியாக ஏற்றி ஒட்டுவார்கள். வயிறு சரியாமல் இருக்கக் காயும்வரை கயிறு சுற்றிவைப்பதும் உண்டு. சில பானைகளின் மேல் அந்தக் கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருக்கிறது. நம் அளவுக்கு இது தேவைப்படாது.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம். அக்கால ஒயின் சாடிகளும் சமையல் பானைகளும் வெளிப்புறம் முழுக்க நெருக்கமான வரிகளோடு இருக்கும். விரலை ஒரே சீராக ஏற்றியதில் விழுந்த வரிகள். ஓவியம் போடும் இடத்தில் இந்த வரி இருந்தால் தூரிகை தடுக்கும். எனவே கடைசிச் சுற்றில் தோளின் மேல் ஒரு மரத்தகட்டையோ வழவழப்பாகத் தேய்த்த சிரட்டைத் துண்டையோ வைத்து விரல் தடத்தை முழுதாக எடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் வரிகளைத் தொட வேண்டாம்.

குடிநீர்க் கூஜா செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு கிளைவேலை: கழுத்துக்குள் மெல்லிய தட்டு ஒன்றை ஒட்டி அதில் துளையிட்ட சல்லடை. பூச்சி விழாது, தண்ணீர் அளவாக வரும். எகிப்தில் இந்தச் சல்லடைக் கழுத்து பல நூற்றாண்டு தொடர்ந்தது. ஆனால் முதல் பானையிலேயே இதைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

நிழலில், காற்று நேராக அடிக்காத இடத்தில் கவிழ்த்துக் காயவையுங்கள். அரைக்காய்ச்சலில் அடியைச் செதுக்கிச் சரிசெய்யுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், மண் நகத்தில் ஒட்டக் கூடாது. அதுதான் பதம். இந்தப் பதத்தைத் தாண்டவிட்டால் அடுத்த கட்டம் கெட்டது.

வெள்ளைப் பூச்சு

நைல் வண்டல் சுட்டால் பழுப்பு. அதன் மேல் கறுப்புக் கோடு எடுபடாது. அதனால் வெளிறிய மண்ணைக் கரைத்துத் தோள்மேல் பூசி, அதைத் தாளாக ஆக்கிக்கொண்டார்கள்.

நம் கணக்கு: மூன்று பங்கு வெள்ளைக் களிமண், அதாவது கயோலின், ஒரு பங்கு பானை செய்த அதே மண். இரண்டையும் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய மல்துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். பதம் கெட்டி மோர். பானை மண்ணைச் சேர்க்காமல் வெறும் கயோலினைப் பூசினால் பளீர் என்று வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் அது பானையோடு சேர்ந்து சுருங்காது. சுட்ட பிறகு தோல் தோலாக உரியும். ஒரு பங்கு செம்மண்ணைச் சேர்த்தால் நிறம் கொஞ்சம் மங்கி இளமஞ்சளுக்குப் போகும். அசலும் அப்படித்தான் இருக்கிறது, எனவே இரட்டை லாபம்.

பானையைச் சக்கரத்தில் நடுவாக வைத்து, மெதுவாகச் சுற்றவிட்டு, அகலத் தூரிகையால் கழுத்திலிருந்து வயிற்றின் நடுவரை பூசுங்கள். இரண்டு மெல்லிய பூச்சு. முதல் பூச்சின் ஈரப் பளபளப்பு மறைந்த பிறகே இரண்டாவது. கீழ் விளிம்பு நேராக நிற்க வேண்டும் என்ற அவசியமில்லை. சில பழைய பானைகளில் பூச்சு கீழே வழிந்து நின்றிருக்கும், அழகாகத்தான் இருக்கிறது.

அப்புறம் எல்லாரும் தாண்டிப்போகிற வேலை: தேய்ப்பது. பூச்சு விரலில் ஒட்டாத நிலைக்கு வந்ததும் ஒரு கூழாங்கல்லால் தோளை லேசாகத் தேயுங்கள். கண்ணாடிபோல் மின்ன வேண்டாம். சொரசொரப்பு அடங்கினால் போதும். தேய்க்காத பூச்சு தூரிகையில் இருக்கும் தண்ணீரைத் தொட்ட கணத்திலேயே உறிஞ்சிவிடும். கோடு இரண்டு அங்குலம் போவதற்குள் வறண்டு பிசிறும். தேய்த்த பூச்சு ஒரு நொடி தாமதித்து உறிஞ்சும். அந்த ஒரு நொடிதான் உங்களுக்குக் கிடைக்கும் வேகம். அதிகம் மின்னும்படி தேய்த்துவிட்டால் எதிர்ப்பக்கம் கெடும்: நிறம் நிற்காமல் வழியும்.

நிறங்கள்

கறுப்பு, சிவப்பு, வெள்ளை. இவ்வளவுதான்.

சிவப்பு எளிது. காவிக்கல்லை நன்றாக அரைத்து, வடிகட்டிய களிமண் கரைசலில் பாதிக்குப் பாதி கலந்தால் ஆயிற்று.

கறுப்பில்தான் கவனம் வேண்டும். காற்றோட்டமுள்ள சூளையில் இரும்பு சிவப்பாகிவிடும்; புகை மூட்டினால்தான் கறுக்கும். ஆனால் புகை மூட்டினால் பக்கத்தில் இருக்கும் சிவப்பும் கறுத்துப்போகும். சிவப்பும் கறுப்பும் ஒரே பானையில், ஒரே சூட்டில் வேண்டுமென்றால் மாங்கனீசு தேவை. அது காற்றிலும் கரும்பழுப்பாகவே நிற்கும். கோப்திக் பானைகளில் கறுப்புக் கோடு பல இடங்களில் ஊதா கலந்த பழுப்பாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். இரண்டு பங்கு மாங்கனீசு டை ஆக்சைடு, ஒரு பங்கு இரும்பு ஆக்சைடு, மூன்று பங்கு களிமண் கரைசல் என்று தொடங்குங்கள். முதலில் ஒரு சோதனைத் துண்டில் சுட்டுப் பார்க்க வேண்டும். சுட்ட பிறகு கறுப்பு விரலில் ஒட்டினால் களிமண் பங்கைக் கூட்டுங்கள். மாங்கனீசுப் பொடி மூச்சில் போனால் நரம்புக்குக் கெடுதல். முகக்கவசம் இல்லாமல் அரைக்கவோ கலக்கவோ கூடாது. பானையின் உட்புறத்தில் எந்தக் காரணத்துக்காகவும் பூசாதீர்கள்.

மஞ்சள்? மஞ்சள் காவியைப் பூசிச் சுட்டால் சிவப்பாகத்தான் வெளியே வரும். அதில் இருக்கும் நீர் சூட்டில் போனதும் அதுவும் சாதாரணச் செங்காவிதான். எனவே ஒரு பழைய பானையில் தெளிவான காவி மஞ்சள் தெரிந்தால், சூளைக்குப் பிறகு பூசியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப் பூசிய நிறம் ஈரத்துணி பட்டாலே உதிரும்.

எல்லாக் கரைசலிலும் ஊறவைத்த வேலம்பிசின் சில துளி விடுங்கள். எகிப்தில் எழுத்து மைக்கும் வேலம்பிசின்தான். கோடு வழுக்கிக்கொண்டு ஓடும், காய்ந்தபின் கை பட்டாலும் கலையாது. சூளையில் எரிந்து போய்விடும்.

வரைதல்

பூச்சு மங்கலாகி, ஆனால் தொட்டால் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்போது தொடங்க வேண்டும். குளிர்ச்சி போய்விட்டால் ஈரம் போய்விட்டது. பூச்சு மையைக் குடிக்க ஆரம்பித்துவிடும். வெயில் காலத்தில் இந்த நேரம் மிகக் குறைவு. எனவே என்ன வரையப் போகிறோம் என்பதை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

முதலில் பட்டைகள். பானையைச் சக்கரத்தில் வைத்து, தூரிகையை நிறைய நனைத்து, கையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுங்கள். கழுத்தடியில் ஒரு கறுப்புப் பட்டை, தோள் முடியும் இடத்தில் இரண்டு. இதற்குள் அடங்குவதுதான் ஓவியப் பரப்பு. மனதுக்குத் தோன்றினால் கீழ்ப்பட்டைகளுக்கு நடுவே சிவப்பு நிரப்பலாம். பின்னல் கயிறு போன்ற இரட்டை அலையும் அங்கே போடலாம், ரோமானியக் காலத்திலிருந்து வந்த வடிவம்தான்.

பிறகு பரப்பைப் பிரிப்பது. இரண்டு வழி இருக்கிறது. செங்குத்துக் கோடுகளால் கட்டம் கட்டி ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் உருவம் வைக்கலாம். அல்லது கட்டமே இல்லாமல் உருவங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடலாம். முதல் தடவை செய்கிறவர்களுக்குக் கட்டம் பாதுகாப்பு என்று பலர் சொல்வார்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். கட்டத்துக்குள் வரையும்போது கை சுருங்குகிறது. ஓடவிட்டால் கடைசியில் இடம் மிஞ்சும் அல்லது போதாது. மிஞ்சினால் அங்கே ஒரு சுருள், நான்கு புள்ளி, ஒரு இலை. பழைய பானைகளிலும் உருவங்களுக்கு நடுவே இப்படி நிரப்பியவை எத்தனையோ இருக்கின்றன.

மீனை எடுத்துக்கொள்வோம். வாயிலிருந்து முதுகு வழியாக ஒரு வில், வால் அருகே கீழே இறங்கி முடிய வேண்டும். திரும்ப வாயிலிருந்து வயிறு வழியாக இன்னொரு வில், முதல் வில்லை வாலடியில் குறுக்கே வெட்டி மேலே போகட்டும். வால் தானாகப் பிரிந்துவிட்டது. தலைக்கும் உடலுக்கும் நடுவே ஒரு வளைகோடு. கண்ணுக்குப் பெரிய வட்டம். தலையில் பாதியை அடைத்தாலும் தவறில்லை, அசலில் அப்படித்தான். உடலில் சாய்வாக மூன்று நான்கு கோடு அல்லது புள்ளிகள். மொத்தம் பத்து இழுப்புக்குள் முடித்துவிட வேண்டும். இருபது ஆகிறதென்றால் நீங்கள் செதிலை எண்ணத் தொடங்கிவிட்டீர்கள்.

பறவைக்கு அலகு நுனியில் தொடங்கி, தலை, கழுத்து, முதுகு, வால் வரை ஒரே நெளிவு. அடுத்து மார்பும் வயிறும். இறக்கையை உடலுக்குள் ஒரு துளி வடிவமாகப் போட்டு உள்ளே கோடிடுங்கள். கால்கள் கடைசி, இரண்டு குச்சி. புறா, வாத்து, மயில் எல்லாவற்றுக்கும் உடம்பு இதேதான். வாலும் கொண்டையும்தான் மாறும். முயலுக்குக் காதைப் பின்னால் நீட்டி வளைத்தால் ஓடுகிற மாதிரி வந்துவிடும். சிங்கம், மான் இரண்டையும் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

கை எப்படி இருக்க வேண்டும்: முழங்கையை மேசையில் ஊன்றாதீர்கள். இடது கையால் பானையைச் சுற்ற, வலது கை கோட்டை இழுக்கட்டும். நீண்ட வில்லுக்குப் பாதி வேலையைப் பானையின் சுழற்சியே செய்துவிடும். நீண்ட மயிர் உள்ள, நுனி மெல்லிய தூரிகை வேண்டும். முடி குட்டையாக இருந்தால் மை பாதியிலேயே தீரும். பேரீச்சை மட்டை நாரை நசுக்கிக் கட்டிய தூரிகையையும் முயன்று பார்க்கலாம். கோட்டில் ஒரு முரட்டுத்தனம் வரும், எனக்குப் பிடிக்கும். கோடு தவறினால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். துடைத்தால் கீழே பூச்சும் சேர்ந்து வந்து பழுப்பு மண் எட்டிப்பார்க்கும். கறை இன்னும் பெரிதாகத் தெரியும். தவறிய கோட்டை இலையாகவோ கொடியாகவோ மாற்றிவிடுங்கள்.

கறுப்பு முடிந்ததும் சிவப்பு. கோட்டைத் தொடும்வரை நிரப்ப முயலாதீர்கள்; உடலின் நடுவில் தாராளமாக இரண்டு தடவல் போதும். அசலிலும் சிவப்பு பல இடங்களில் கோட்டைத் தாண்டியோ எட்டாமலோ நிற்கும். கடைசியாக வெள்ளைப் பூச்சுக் கரைசலையே கொஞ்சம் கெட்டியாக்கி, கறுப்புப் பட்டைகளின் மேல் புள்ளி வரிசை வைக்கலாம்.

உருவங்களுக்கு அர்த்தம் சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. மீன் என்றால் கிறிஸ்து, மயில் என்றால் நித்திய வாழ்வு, திராட்சை என்றால் நற்கருணை என்று படக்குறிப்புகளில் எழுதிவிடுகிறார்கள். சிலுவை வரைந்திருந்தால் சந்தேகமில்லை. ஆனால் மீனும் நீர்ப்பறவையும் தாமரையும் கிறிஸ்தவம் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தியர் பாத்திரங்களில் நீந்திக்கொண்டிருந்தவை. நைல் கரையில் உட்கார்ந்து பானை வரைகிறவர் மீனை வரைய மதக் காரணம் தேவையில்லை.

சூளை

முழுதாகக் காய வையுங்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி இருக்கக் கூடாது. அவசரப்படாமல் இருக்க வேண்டிய ஒரே இடம் இதுதான்.

அங்கே இருந்த சூளை வட்டமானது. பச்சைச் செங்கல்லால் கட்டி உள்ளே மண் பூசியது. கீழே தீ அறை, அதன் மேல் துளையிட்ட தளம், தளத்தின் மேல் பானைகள். மேல்பக்கத்தை உடைந்த ஓடுகளால் மூடுவார்கள். எரிபொருள் வைக்கோல், நாணல், உமி, சாணம், மட்டை என்று கிடைத்ததெல்லாம். எகிப்தில் விறகு எப்போதும் தட்டுப்பாடு. தீ கீழிருந்து மேலே போகும், காற்று தாராளமாக இருக்கும், அதனால் நிறம் சிவப்பாகத் தெளியும். பானையும் பானையும் ஒட்டிய இடத்தில் மட்டும் காற்று படாமல் கரிய திட்டு விழும்.

மின்சூளை என்றால் 120 பாகைவரை மிக மெதுவாக ஏற்றி, அங்கே இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். அங்கிருந்து 600 வரை மணிக்கு 70 பாகை. மண்ணுக்குள் கட்டுண்ட நீர் வெளியேறுவதும், 573 பாகையில் மணலின் படிகம் சட்டென்று விரிவதும் இந்த இடைவெளியில்தான். பிறகு மணிக்கு 120 வீதம் 900வரை. அங்கே 20 நிமிடம். வைக்கோல் சேர்த்திருப்பதால் புகை வரும், மூடித் துளையைத் திறந்து வையுங்கள். 950ஐத் தாண்டாதீர்கள். சிவப்பு கருஞ்சிவப்பாகி, பழைய பானையின் மென்மை போய்விடும். ஆறும்போதும் 573 வரும். 100 பாகைக்குக் கீழே இறங்கும்வரை கதவைத் தொட வேண்டாம்.

விறகுச் சூளை வைத்திருக்கும் குயவரிடம் சுடக் கொடுப்பதென்றால் உங்கள் பானையை மேல் அடுக்கில், நெருப்பு நேராக நக்காத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். புகை படிந்தால் வெள்ளைப் பூச்சு சாம்பலாகிவிடும்.

இறக்கிய பிறகு

பூச்சு உரிந்திருந்தால் பெரும்பாலும் பானை அதிகம் காய்ந்த பிறகு பூசியிருப்பீர்கள். கறுப்பு மங்கிச் சிவந்திருந்தால் மாங்கனீசு போதவில்லை. சிவப்பு முழுக்கக் கறுத்திருந்தால் சூளையில் காற்று போதவில்லை.

இந்தப் பானை தண்ணீர் கசியும். அதுவே அதன் வேலை. கசிந்த நீர் ஆவியாவதால்தான் உள்ளே இருப்பது குளிரும். ஒயின் சாடிகளுக்குக் கசிவு கூடாது என்பதால் உட்புறம் கீல் பூசினார்கள். பளபளப்புப் பூச்சு எகிப்தில் 8ஆம் நூற்றாண்டுவாக்கில்தான் பரவத் தொடங்கியது, எனவே உங்கள் பானையின் மேல் வார்னிஷ் எதுவும் அடிக்காதீர்கள். தானியமோ காய்ந்த பூவோ வைத்துக்கொள்ளலாம்.

அடியில் உங்கள் பெயரும் ஆண்டும் கீறி வையுங்கள். சுடுவதற்கு முன்பே கீறிவிடுவது நல்லது. நன்றாக வந்த பிரதி ஒன்று கைமாறிக் கைமாறிப் பழம்பொருள் என்று விலைபோகும் ஆபத்து உண்மையாகவே இருக்கிறது. எகிப்தில் 1983ஆம் ஆண்டின் 117ஆம் சட்டம் பழம்பொருள் வணிகத்தைத் தடை செய்துவிட்டது. இணையத்தில் "அசல் கோப்திக் பானை" என்று யாராவது விற்றால் எங்கிருந்து, எப்போது வெளியே வந்தது என்பதற்குப் பத்திரம் கேளுங்கள். இல்லையென்றால் விலகிவிடுங்கள்.

உடைந்துபோனவற்றையும் எறிய வேண்டாம். ஜேமே ஊர்க்காரர்கள் கடிதம், கடன் சீட்டு, வரி ரசீது எல்லாவற்றையும் உடைந்த பானை ஓட்டில்தான் எழுதினார்கள். ஓட்டில் எழுதும் பழக்கம் எகிப்தில் அதற்கும் முந்தியது. சாடியின் மேலேயே எழுதுவதும் உண்டு: செங்கடல் துறைமுகமான குசைர் அல்-கதீமில் கிடைத்த, கி.மு. 1ஆம் நூற்றாண்டு என்று கணிக்கப்பட்ட உடைந்த சாடி ஒன்றில் தமிழ் பிராமியில் "பானை ஒறி", அதாவது உறியில் தொங்கும் பானை, என்று எழுதியிருக்கிறது. உங்கள் உடைந்த ஓடுகளில் அடுத்த முறைக்கான கறுப்பையும் சிவப்பையும் வெவ்வேறு பங்கில் பூசி, ஓட்டின் பின்புறத்தில் அளவை இரும்பு ஆக்சைடால் எழுதி, அதே சூளையில் ஒரு ஓரமாகச் சுட்டு வைத்துக்கொள்ளுங்கள். நோட்டுப்புத்தகத்தைவிட இது நம்பகமானது.